பச்சை விளக்கு

ஜெர்மனியில் பிரேமன் நகரத்துக் கார் தொழிற்சாலை திவாலான மறுவாரம், பெரிய காரின் பின்னிருக்கைக்கு உறை தைத்துக்கொண்டிருந்த வீப்கேயிடம் ஊசியைக் கீழே வைக்கச் சொன்னார்கள். வேலை முடியாத கார்களைப் பிரித்துப் பழைய இரும்புக்குப் போடப்போவதாகச் செய்தி. சுருள்வில்லுக்குப் பதில் காற்றுப் பைகளின் மேல் நிற்கும் அந்தக் கார் சந்தைக்கு வந்து இரண்டு வருடம்கூட நிறையவில்லை. அதற்குள், மந்திரிமார் ஏறுகிற வண்டிகளோடு மல்லுக்கு நின்றதால் வந்த வினை என்று பத்திரிகைகள் எழுதின.

வீப்கே ஊசியை வைக்கவில்லை. காற்றுப் பை பொருத்தும் ஒன்னோவும் பக்கத்தில் வந்து நின்றான். ஒரே ஒரு காரையாவது முடித்துவிடுவது என்று இருவரும் தீர்மானித்தார்கள். மின்சாரத்தை நிறுத்தியபோது, காரை முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு போய்ப் பகல் வெளிச்சத்தில் வேலை பார்த்தார்கள்.

திவாலான ஆலையின் கணக்கை முடிக்க வந்திருந்த வக்கீல் டாக்டர் ஓல்ட்மன்ஸ் அங்கே வந்தார். கெட்டவரல்ல, களைத்திருந்தார். வேறொரு ஆலை ஆளெடுக்கிறது, உன் பெயரைச் சொல்வதாக இருந்தேன், இப்படிச் செய்தால் எப்படிச் சொல்வது என்று கேட்டார். வீப்கேக்கு வீட்டில் இரண்டு பிள்ளைகள். புருஷனும் இதே ஆலையில்தான் வேலை இழந்திருந்தான். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"இந்தக் காரை இப்ப யாரும்மா கேட்டா?"

"நாங்க கேக்கிறோம். என் பேரைச் சொல்லவேண்டாம் ஐயா."

அவர் காரை ஒருமுறை சுற்றிவந்தார். பிறகு, வண்டி சாயங்காலத்துக்குள் கொட்டகைக்குத் திரும்பியாகவேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

வேலை முடிந்து, மதியத்துக்கு மேல் ஒன்னோ வண்டியை எடுத்தான். இத்தனை நாள் தைத்தும் வீப்கே அந்த இருக்கையில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. வேலை உடுப்போடு ஏறி நடுவில் உட்கார்ந்தாள். கல் பாவிய தெரு காலடியில் இருப்பதே தெரியவில்லை. பயமாகவும் இருந்தது, நாளைக் காலை எந்த ஆலை வாசலில் நிற்பது என்று அவளுக்குத் தெரியாது.

ஊர் நடுவே சிவப்பு விளக்கு விழுந்தது. பக்கத்தில் வந்து நின்ற, மந்திரிமார் ஏறுகிற ரகக் கறுப்புக் காரிலிருந்த கனவான் கண்ணாடியை இறக்கிவிட்டு, இந்த வண்டிகள்தான் ஒழிந்துபோயினவே என்பதுபோல் பார்த்தார். வீப்கேயும் கண்ணாடியை இறக்கினாள்.

பச்சை விழுந்தது. ஒன்னோ கியரில் கை வைத்தான்.

"இரு. நல்லாப் பாக்கட்டும்."

பின்னால் டிராம் மணியடித்தது. அதற்குப் பின்னால் லாரி. கறுப்புக் காரும் நகராமல் நின்றது. வீப்கே முழங்கையை ஜன்னலில் ஊன்றிக்கொண்டு அந்த மனிதரைப் பார்த்தபடியே இருந்தாள்.