எலுமிச்சை நறுக்குகிறவள் எந்தக் கைக்காரி

சின்னு வேலை பார்த்தது ஓர் அருங்காட்சியகத்தின் கீழ்த்தளத்துக் கடையில். மேலே ஓவியங்கள்; கீழே அதே ஓவியங்கள் கோப்பையிலும் ஏப்ரனிலும் சமையலறைத் துண்டிலும். மேலே படத்துக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு நின்றவர்கள், கீழே வந்ததும் அதே படத்தை வைத்து அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை இறக்கலாமா என்று விசாரிப்பார்கள். தாராளமாக இறக்கலாம். அதற்குத்தான் கையுறை.

கடையில் அதிகம் விற்றது ‘எலுமிச்சை நறுக்கும் பெண்’. ஜன்னலோர மேஜை, அதன்மேல் ஒரு கிண்ணம், நீல முக்காடு போட்ட ஒரு பெண், கையில் கத்தி. முந்நூறு வருடமாக அதே எலுமிச்சையை நறுக்கிக்கொண்டிருக்கிறாள், இன்னும் முடிந்தபாடில்லை. அவளைப் போட்ட ஏப்ரன், துண்டு, கையுறை மூன்றும் சேர்ந்து ஒரு செட். புதுக் குடித்தனம் போகிறவர்களுக்குக் கொடுக்க வேறு யோசனை தோன்றாத உலகம் முழுவதும் அதைத்தான் வாங்கிக்கொண்டு போனது.

துணியில் படம் ஏற்றுகிறவர்கள் முதலில் அதைத் தாளில் திருப்பிப் போட்டு அச்சடிப்பார்கள். அந்தத் தாளைத் துணிமேல் கவிழ்த்துச் சூட்டில் அழுத்தினால் படம் நேராக விழும். ஒருமுறை அச்சகத்தில் யாரோ திருப்ப மறந்துவிட்டார்கள். முப்பது செட் கண்ணாடியில் பார்த்த மாதிரி இடம் வலம் மாறி வந்து சேர்ந்தது. படத்தில் எழுத்து எதுவும் இல்லாததால் பெட்டியைப் பிரித்த யாருக்கும் முதலில் எதுவும் தெரியவில்லை. கடையின் மேலாளர் அம்மா மட்டும் கழுத்தில் தொங்கிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு நொடி பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் வெட்டிப் போடச் சொன்னார்.

அங்கே சட்டம் அப்படி. தப்பாக அச்சான ஓவியம் ஒன்றுகூட வெளியே போகக் கூடாது. பழுதான சரக்கைக் குறுக்கே வெட்டி, வெட்டியவர் கையெழுத்துப் போட வேண்டும். விளிம்பு போன ஒரே ஒரு கோப்பையை வீட்டுக்கு எடுத்துப் போனதற்காக ஒரு பெண்ணை மறுநாளே வேலையிலிருந்து அனுப்பியதைச் சின்னு கண்ணால் பார்த்தவள். அப்படியிருந்தும் அவள் இருபத்தொன்பது செட்டைத்தான் வெட்டினாள். முப்பது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. அன்று சாயங்காலம் அண்ணனும் அண்ணியும் புது வீட்டுக்குக் குடிபோனார்கள். பரிசு வாங்க வேண்டும் என்பது சின்னுவுக்குச் சுத்தமாக மறந்துபோயிருந்தது. கையில் கத்தரிக்கோல், எதிரே கடைசி செட். அண்ணிதானே, இது போதும் என்று தோன்றியது. அந்த ‘அண்ணிதானே’யை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குக் காது மடல் சூடாகும்.

அண்ணி இடது கைப் பழக்கம் உள்ளவள். பதினோரு வருடம் மாமியாரோடு ஒரே வீட்டில் இருந்தவள். அந்தப் பதினோரு வருடமும் டம்ளர் உடைந்தால் நொட்டாங்கை, குழம்பு சிந்தினால் நொட்டாங்கை, கதவு சரியாகச் சாத்தாவிட்டாலும் நொட்டாங்கைதான். சின்னுவின் அம்மா திட்டுவதோடு நிறுத்திக்கொண்டாள். பெயர் வைத்தது சின்னு. அண்ணிக்கு அவள் வைத்த பெயர் ‘ராங்சைடு’. வீடே அதைப் பிடித்துக்கொண்டது. ஒரு கட்டத்தில் அண்ணன்கூட, ராங்சைடு எங்கே காணோம் என்று கேட்க ஆரம்பித்தான். அண்ணி சிரித்துக்கொண்டே வருவாள். சிரிக்கிறாளே, அப்புறம் என்ன என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள்.

புது வீட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே தரையில் உட்கார்ந்து அண்ணி அந்தச் செட்டைப் பிரித்தாள். ஏப்ரனை மடியில் விரித்து, படத்தின்மேல் குனிந்தாள். அவள் ஒரு தையல் கூடத்தில் துணி வெட்டுகிறவள். துணியின் நல்ல பக்கம், கெட்ட பக்கம், நூலோட்டம் எல்லாம் விரலால் தடவியே சொல்லிவிடுவாள். மாட்டிக்கொண்டோம் என்று சின்னு நினைத்தாள். அண்ணி நிமிர்ந்தபோது அவள் கண் நிறைந்திருந்தது.

“இவளும் இடது கையில நறுக்குறா சின்னு,” என்றாள். “எனக்குன்னு தேடி எடுத்தியா?”

இடம் வலம் மாறினால் கையும் மாறும் என்பது அந்த நிமிடம்தான் சின்னுவுக்கு உறைத்தது. இல்லை அண்ணி, தற்செயல் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நாலு நொடி அவகாசமும் இருந்தது. “ஆமா அண்ணி, தேடித்தான் எடுத்தேன்,” என்றாள்.

அன்றிலிருந்து அண்ணி கொண்டாடியதைப் பார்க்க வேண்டுமே. ஏப்ரனைக் கட்டாமல் அடுப்புப் பக்கம் போவதில்லை. துண்டில் கை துடைக்க மனசு வராமல் அதைச் சட்டம் போட்டுச் சமையலறைச் சுவரில் மாட்டிவிட்டாள். வருகிறவர் போகிறவரையெல்லாம் அதன் முன்னால் நிறுத்தி, எவ்வளவு பேர்போன படம், அதில் எந்தக் கைக்காரி இருக்கிறாள் பாருங்கள் என்று காட்டுவாள். மாமியார் வந்தபோதும் காட்டினாள். அம்மா கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, பெரிய ஓவியர் தெரியாமலா வரைந்திருப்பார் என்று முணுமுணுத்தாள். அதற்கப்புறம் அந்த வீட்டில் நொட்டாங்கை என்ற சொல்லை அவள் வாயிலிருந்து யாரும் கேட்கவில்லை. பதினோரு வருடத்தில் அண்ணிக்குக் கிடைத்த ஒரே வெற்றி அதுதான், அதுவும் பழுதான சரக்கு.

சின்னுவுக்கு அங்கே போனால் சாப்பாடு இறங்கவில்லை. அண்ணி அவளுக்குப் பார்த்துப் பார்த்துப் பரிமாறினாள். என்னை யாருமே இப்படிக் கவனித்ததில்லை, நீதான் கவனித்தாய் என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள். சின்னு தட்டைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். புதிதாக வேறு படம் வந்திருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தாள். அண்ணி காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. இன்னொரு முறை ஏப்ரன்மேல் காபியைக் கொட்டினாள். வேண்டுமென்றுதான். அண்ணி பதறிப்போய் உடனே அலசி, கறை தெரியாமல் காயவைத்துவிட்டு, உனக்குச் சுட்டுவிடவில்லையே என்று கேட்டாள். இதைவிடக் கேவலம் ஒரு மனுஷிக்கு வேண்டுமா?

எட்டு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் மத்தியானம், கண்ணாடிக் கதவுக்கு அப்பால் டிக்கெட் வரிசையில் அண்ணி நின்றுகொண்டிருந்தாள்.

நல்ல புடவை கட்டி, தலையைப் படியச் சீவி, கைப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். சொல்லாமல் வந்து சின்னுவை அசத்த வேண்டும் என்று நினைத்திருப்பாள் போல. சின்னு கல்லாவில் தனியாக இருந்தாள். ஓடிப்போய்ப் படத்தைச் சுத்தம் செய்ய எடுத்துப் போய்விட்டார்கள் என்று ஒரு பொய் சொல்லலாம் என்றால், எதிரே பில் போட ஆறு பேர். ஆறாவது ஆளுக்குப் பை கொடுத்துவிட்டு நிமிர்ந்தபோது அண்ணி மாடிப்படி ஏறிவிட்டிருந்தாள்.

அரைமணி நேரம் சின்னு கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒருவருக்குப் பில்லைக் கொடுத்துவிட்டு அவர் வாங்கிய பொருளைக் கொடுக்க மறந்தாள். அதற்குள் மேலாளர் அம்மா வந்து அலமாரியில் ஏப்ரன்களை மடித்து அடுக்கத் தொடங்கிவிட்டார். அந்த நேரம் பார்த்து அண்ணி உள்ளே வந்தாள்.

முகத்தில் கோபம் எதுவும் இல்லை, குழப்பம்தான் இருந்தது. சின்னுவைப் பார்த்ததும் லேசாகச் சிரித்துக்கொண்டு பக்கத்தில் வந்தாள். மேலாளர் அம்மா இரண்டடி தள்ளி நின்றார். இவள் யார் என்று தெரிந்தால் பேச்சு வரும், பேச்சு வந்தால் செட்டும் வெளியே வரும். சின்னுவின் வாய் அவளைக் கேட்காமலே திறந்துகொண்டது.

“வாங்க மேடம். என்ன பார்க்கறீங்க?”

அண்ணியின் சிரிப்பு அப்படியே நின்றது. ஏதோ அலுவலக வழக்கம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டாளோ என்னவோ, தலையை ஆட்டிவிட்டு அலமாரிப் பக்கம் போனாள். மேலே இருந்த ஏப்ரனை எடுத்து விரித்தாள். அதன்கீழ் இருந்ததையும் விரித்தாள். மூன்றாவதையும் பார்த்துவிட்டு மேலாளர் அம்மாவிடம் திரும்பினாள்.

“இடது கையில கத்தி வச்சிருக்கற மாதிரி ஒண்ணு வருமே, அது இல்லைங்களா? மேல படத்துலயும் வலது கையிலதான் இருக்கு.”

மேலாளர் அம்மாவின் கை மடித்துக்கொண்டிருந்த துணியிலேயே நின்றது. அப்படி ஒன்று விற்பனைக்கு வந்ததே இல்லையே, நீங்கள் எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார். ஆனால் வெட்டிய முப்பது செட்டும் அவர் நினைவுக்கு வந்துவிட்டது என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

அண்ணி வாயைத் திறந்தாள். திறந்தவள் ஏனோ சின்னுவைத் திரும்பிப் பார்த்தாள். சின்னு கல்லா விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். அவள் முகத்தில் எல்லாம் எழுதி ஒட்டியிருந்தது. துணி வெட்டுகிறவளுக்கு எது நல்ல பக்கம், எது கெட்ட பக்கம் என்று புரிய ரொம்ப நேரம் ஆகவில்லை.

அண்ணி அந்த ஏப்ரனை மடிக்க ஆரம்பித்தாள். ஓரத்தோடு ஓரம் வைத்து, நிதானமாக மடித்தாள்.

“எங்கயும் பார்க்கலைங்க,” என்றாள். “நான் நொட்டாங்கைக்காரி. எனக்கு எப்பவும் இடது வலது குழம்பும். வீட்ல என் பேரே ராங்சைடுதான்.”

மேலாளர் அம்மா சிரித்துவிட்டார். எனக்கும் சில சமயம் அப்படித்தான் என்று சமாதானமாக ஏதோ சொன்னார். அண்ணியும் கூடச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைச் சின்னுவுக்கு நன்றாகத் தெரியும், பதினோரு வருடம் பார்த்த சிரிப்பு. அது சிரிப்பே இல்லை என்று இப்போதுதான் தெரிந்தது. சின்னு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசாமல் இருந்ததால் தப்பித்தாள். தப்பித்துவிட்டோம் என்று நெஞ்சு ஒரு நொடி லேசானதுதான் எல்லாவற்றையும்விட அசிங்கம்.

அண்ணி வெளியே போனதும் சின்னு தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக ஓடினாள். வெளிப்படிக்கட்டில் அண்ணி கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தாள். மேல்மூச்சு வாங்க, வேலை போய்விடும் என்று பயந்துவிட்டேன், வெட்டிப் போட வேண்டிய சரக்கு, வீணாகப் போகிறதே என்று எடுத்தேன் என்று சின்னு கொட்டித் தீர்த்தாள். அண்ணி குறுக்கிடாமல் கேட்டாள்.

“வீணாப் போனதுன்னு சொல்லிக் குடுத்திருந்தாலும் வாங்கியிருப்பேன் சின்னு. நானும் வெட்டு மேஜைக்காரிதான், எத்தனையோ மிச்சத் துணிய வீட்டுக்குக் கொண்டுவந்து தச்சிருக்கேன்,” என்றாள். “தேடி எடுத்தேன்னு எதுக்குச் சொன்ன?”

சின்னு அவள் கைப்பையை வாங்கிக்கொள்ளக் கையை நீட்டினாள்.

“மேடம்னு கூப்பிட்டியே,” என்றாள் அண்ணி. நேரமாகிறது, உள்ளே தேடுவார்கள், போ என்றாள். பேருந்து நிறுத்தத்தைப் பார்த்து நடந்துவிட்டாள்.

சின்னு திரும்பி வந்தபோது டிக்கெட் கொடுக்கிறவர் தேநீர்க் கோப்பையோடு கடைக்குள் நின்றுகொண்டிருந்தார். மேலாளர் அம்மா அவரிடம் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை, மத்தியானத் தூக்கம் கலைய ஒரு வேடிக்கை, அவ்வளவுதான்.

“பாவம், நல்லா உடுத்திக்கிட்டுத்தான் வந்திருக்காங்க. ஆனா எது இடது எது வலதுன்னே தெரியல,” என்றார்.

டிக்கெட்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். இரண்டு பேரும் சின்னு பக்கம் திரும்பினார்கள், அவளும் சேர்ந்துகொள்வாள் என்று. இப்படிச் சிரிப்பவர்களோடு அவள் எத்தனையோ தடவை சேர்ந்துகொண்டவள்தான். கல்லாவுக்குப் போகாமல் அலமாரி முன்னாலேயே நின்றாள்.

“அவங்களுக்கு நல்லாத் தெரியும் மேடம்,” என்றாள். “இடது கைப் படத்த அவங்க பார்த்தது நிஜம். நான்தான் ஒரு செட்ட வெட்டாம எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். அவங்க எங்க அண்ணி.”

டிக்கெட்காரர் கோப்பையை எடுத்துக்கொண்டு ஓசைப்படாமல் வெளியே போனார். மேலாளர் அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, சின்னுவைப் புதிதாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்டார். செட்டைக் கேட்கிறாரா, அண்ணியைக் கேட்கிறாரா என்று அவர் குரலிலிருந்து தெரியவில்லை.

“ரெண்டையும் சொல்லியிருக்கணும் மேடம்,” என்றாள் சின்னு.