இன்னும் ரெண்டு போல்ட்

சிட்டு கத்தி முனையால் சுரண்டிக்கொண்டிருந்தாள். கார் என்ஜினின் மேல்விளிம்பில், ஆயில் கசியாமல் இருக்க மூடிக்கு அடியில் வைத்திருந்த பழைய பேக்கிங் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு துணுக்கு உள்ளே விழுந்தாலும் ஆபத்து என்று அண்ணன் காலையில்தான் சொல்லியிருந்தார். அதனால் இடது கையால் துணியை அணைபோல் பிடித்துக்கொண்டு வலது கையால் சுரண்டினாள். என்ஜினின் மேல்மூடி ஷெட் தரையில் மல்லாந்து கிடந்தது.

ஷெட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே ஒரு சுவர், அதில் ஒரு ஜன்னல். அண்ணனின் மூச்சு அதன் வழியாகக் கேட்டது, ஈரத் துணியை யாரோ விட்டு விட்டுப் பிழிவதுபோல. படுத்தால் முட்டும் என்று நாற்காலியில் தலையணை அண்டக் கொடுத்து உட்கார வைத்திருந்தார்கள். அண்ணி ஒரு கையால் அவர் முதுகைத் தடவியபடி மறுகையில் போனைப் பிடித்துக்கொண்டு ஆம்புலன்ஸைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கிளம்பிவிட்டது என்றுதான் ஒவ்வொரு தடவையும் பதில். கிளம்பிய வண்டி, புறவழிச்சாலையில் கவிழ்ந்த லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு நிற்கிறது என்பதைக் கடைசித் தடவைதான் ஒப்புக்கொண்டார்கள். வாடகைக் கார்க்காரர் வெளியூர் சவாரி. எதிர்வீட்டு வேன் வேலைக்குப் போய்விட்டது. மிச்சம் இருந்தது இந்தக் கார் ஒன்றுதான். அதுவும் வயிறு திறந்து கிடந்தது.

திறந்தது அண்ணனேதான். இதயம் பாதிதான் வேலை செய்கிறது, வாளி தண்ணீர்கூடத் தூக்கக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனால் போன தடவை ஆஸ்பத்திரி வாசலில் நடந்தது அவர் மனதை விட்டுப் போகவில்லை. காரில் கசிந்த ஆயில் சூடான குழாய்மேல் சொட்டிப் புகை கிளம்ப, தீப்பிடித்துவிட்டது என்று சுற்றி நின்றவர்கள் தெறித்து ஓடினார்கள். "கிழவிக்கு மூக்கு ஒழுகுது, அதுக்குப் போய் இந்த ஓட்டமா?" என்று காரைத் தட்டி அங்கே சிரித்தார். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கவில்லை. இன்று அண்ணி குளிக்கப் போன நேரம் பார்த்து ஸ்பேனரோடு ஷெட்டுக்குப் போய்விட்டார். சிட்டு பார்த்தாள். தடுத்திருக்கலாம். நோய் வருவதற்கு முன்னால் இருந்த முகம் அவருக்குத் திரும்பி வந்திருந்தது. பக்கத்தில் நின்று போல்ட்டுகளை வாங்கி வாங்கி டப்பா மூடியில் போட்டாள்.

கடையில் வாங்கி வைத்திருந்த புது பேக்கிங்கை அவர் பிரித்து எடுத்தபோது கை நடுங்கியது. கார்க் பட்டை முறுக்கிக்கொண்டு நடுவில் பட்டென்று ஒடிந்தது. இரண்டு துண்டையும் பொருத்திப் பொருத்திப் பார்த்தார். பிறகு, "மூச்சு வரல, சிட்டு" என்றார்.

இந்த மூடி இல்லாமல் காரைக் கிளப்பினால் தெருமுனை தாண்டுவதற்குள் இருக்கிற ஆயில் எல்லாம் வெளியே தெறித்துவிடும். மூடியை வெறுமனே வைத்து முடுக்கினாலும் பாதி வழியில் நின்றுவிடும். நடுவில் ஏதாவது ஒன்று வைத்தாக வேண்டும்.

சிட்டு தையல்காரி. காலருக்கும் கழுத்துக்கும் அளவு அட்டைகள் வெட்டி வைத்திருப்பாள். அதில் தடிமனான அட்டை ஒன்றை எடுத்து வந்து மூடியின்மேல் போட்டு, விளிம்பை ஆயில் விரலால் அழுத்தி அழுத்திக் கோடு பதித்தாள். கத்தரிக்கோல் ஓடத் தொடங்கியதும் கைக்கு நிதானம் வந்தது. எத்தனையோ வளைவு வெட்டிய கைதானே. போல்ட் போகிற ஓட்டைகளை, பட்டன் துளை போடும் உளியை வைத்துச் சுத்தியலால் தட்டி எடுத்தாள். அட்டையின் இரண்டு பக்கமும் கிரீஸ் தடவினாள்.

ஆனால் மூடியை ஒற்றை ஆளாக இறக்க முடியவில்லை. ஒரு முனையைப் பிடித்தால் மறுமுனையில் அட்டை நழுவியது. இரண்டாம் தடவையும் நழுவியது. ஜன்னலைப் பார்த்து, "அண்ணி, கொஞ்சம் வாங்க" என்றாள்.

அவளும் அண்ணியும் நேருக்கு நேர் பேசி வெகு காலமாகிவிட்டது. புருஷனோடு ஒத்துவராமல் சிட்டு தையல் மெஷினோடு இங்கே வந்து சேர்ந்ததும், கூடத்தில் பாதியை மெஷின் பிடித்துக்கொண்டதும், அதன் சத்தமும், ஒரு நாள் இரண்டு பேரும் வாய் தவறியதும் எல்லாம் சேர்ந்து அப்படி ஆகிவிட்டது. இருவருக்கும் நடுவில் அண்ணன்தான் தபால்காரர். 'உங்க தங்கச்சிகிட்ட சாப்பிட வரச் சொல்லுங்க' என்பாள் அண்ணி, சிட்டு பக்கத்திலேயே நின்றாலும். அவர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, "தங்கச்சி, உனக்கு ஒரு தந்தி வந்திருக்கு" என்பார்.

அண்ணி வந்தாள். அவரே போகச் சொன்னதாகச் சொன்னாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு மூடியின் ஒரு முனையைப் பிடித்தாள். இருவரும் மூச்சை அடக்கிக்கொண்டு இறக்கினார்கள். இந்தத் தடவை அட்டை நழுவவில்லை.

ஜன்னல் வழியாக அண்ணனின் குரல் துண்டு துண்டாக வந்தது.

"நடுவுல... இருந்து ஆரம்பி. ஒரேயடியா முறுக்காத. பிதுங்கிடும்."

"சரிண்ணா. நீங்க பேசாதீங்க."

சிட்டு போல்ட்டுகளைக் கையாலேயே திருகி உட்கார வைத்தாள். பிறகு ஸ்பேனரை எடுத்து நடுவிலிருந்து குறுக்கும் நெடுக்குமாக முடுக்கத் தொடங்கினாள். கை வழுக்கியது. துடைக்கத் துணி வேண்டும் என்றாள். கையில் இருந்த துணி முழுக்க ஆயில். அண்ணி துண்டு எடுக்க உள்ளே போனாள்.

கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டுதான் திரும்பி வந்தாள். துண்டு அவள் கையில் இருந்தது. ஜன்னல் கதவு உள்ளிருந்து சாத்தியிருந்தது.

"ஆயில் நாத்தம் அவருக்கு ஒத்துக்கல. சாத்திட்டேன்" என்றாள்.

சிட்டுவுக்கு அது ஒரு வகையில் நல்லதாகத்தான் பட்டது. அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டே வேலை செய்வது முடியாததாக இருந்தது. "எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். அண்ணி சிட்டுவின் நெற்றி வியர்வையைத் துண்டால் ஒற்றினாள். அப்படி அவள் என்றைக்கும் செய்ததில்லை.

"இன்னும் ரெண்டு போல்ட்தான் அண்ணி. முடிஞ்சுது."

"ம். முடி."

பின்பக்கத்து போல்ட்டுக்கு ஸ்பேனர் எட்டவில்லை. சிட்டு என்ஜின்மேல் கவிழ்ந்து வயிறு நசுங்க எட்டினாள். அவள் சரியாமல் இருக்க அண்ணி இடுப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டாள். தேவைக்கு மேல் இறுக்கிப் பிடித்தாள். பயத்தில் என்று சிட்டு நினைத்தாள். டப்பாவில் மிச்சம் இருந்த ஆயிலை என்ஜினில் ஊற்றி மூடிவிட்டு ஓடிப்போய்ச் சாவியைத் திருகினாள். முதலில் இருமியது, பிறகு பிடித்துக்கொண்டது. டார்ச் அடித்து விளிம்பெல்லாம் பார்த்தாள். ஒரு சொட்டு இல்லை. அவள் தன்னை மறந்து அண்ணியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

கூடத்துக்குள் ஓடி, அண்ணனைத் தூக்குவதற்காகக் குனிந்து அவர் அக்குளில் கை கொடுத்தபோதுதான் அவளுக்குத் தெரிந்தது. தலை அவள் கன்னத்தில் சாய்ந்தது. கன்னத்தில் மூச்சு படவில்லை.

நிமிர்ந்து அண்ணியைப் பார்த்தாள். அண்ணி தரையில் உட்கார்ந்து, அவருடைய வீங்கிய பாதங்களில் செருப்பை மாட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

"அங்க தரை சில்லுனு இருக்கும்" என்றாள்.

சிட்டுவால் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொள்ளட்டும், அதுவரை இவளுக்கு அது தெரியாமல் இருக்கட்டும் என்று தோன்றியது. நாற்காலியோடு தூக்கிப்போய் அவரைப் பின்சீட்டில் ஏற்றினார்கள். அண்ணி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். சிட்டு உயிருள்ள ஒருவரைக் கொண்டுபோகிற வேகத்திலேயே ஓட்டினாள். சந்துகளில் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. எதிரில் வந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். பின்னால் அண்ணி அவரிடம் ஏதோ மெதுவாகப் பேசிக்கொண்டே வந்தாள். கண்ணாடியில் பார்க்கக்கூடாது என்று சிட்டு ரோட்டையே பார்த்தாள். புகை இல்லை, கருகல் வாசனை இல்லை. கார் ஒழுங்காக ஓடியது.

ஆஸ்பத்திரி வாசலிலேயே டாக்டர் வந்து குனிந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்து, எப்போது என்று கேட்டார். சிட்டு வாயைத் திறப்பதற்குள் அண்ணி சொன்னாள், தெளிவாக.

"வீட்டுலயே, டாக்டர்."

அவரை உள்ளே கொண்டுபோன பிறகு இருவரும் நடையில் இருந்த பெஞ்சில் உட்கார்ந்தார்கள். வருகிறவர்கள் போகிறவர்கள் சிட்டுவின் கைகளைப் பார்த்தார்கள். முழங்கை வரை கறுப்பு. அவள் தரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"எப்ப தெரிஞ்சுது அண்ணி?"

"துண்டு எடுக்கப் போனேன்ல. அப்பவே."

"ஏன் சொல்லல?"

அண்ணி எதிர்ச்சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொல்லத்தான் வந்தேன். ஜன்னலைப் பத்தித்தான் வாயில வந்துது. அப்புறம் நீ இன்னும் ரெண்டு போல்ட்தான்னு சொன்ன."

நடையின் கோடியில் யாரோ ஒரு தள்ளுவண்டியை நிறுத்தி, அதன் சக்கரத்தைக் காலால் நேர்ப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஒரு நர்ஸ் வந்து, சிட்டுவின் கைகளைப் பார்த்துவிட்டு உள்ளே போனாள். திரும்பி வந்து ஒரு கிண்ணத்தில் ஸ்பிரிட்டும் கொஞ்சம் பஞ்சும் பெஞ்சில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அண்ணி பஞ்சை நனைத்தாள். சிட்டுவின் வலது கையை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொரு நகமாகத் துடைக்கத் தொடங்கினாள். கட்டைவிரல் வரை வந்ததும் பஞ்சைத் திருப்பிப் பார்த்தாள். வேறு பஞ்சு எடுத்து நனைத்து, மறுபடியும் சுண்டுவிரலைப் பிடித்தாள்.