எம்.எஃப். என்ற ரெண்டெழுத்து

"அந்த ரெண்டெழுத்த மட்டும் உட்டுடச் சொல்லுடா! ஸ்பெயின்காரன் இன்னா ஆர்.கே.பேட்டைக்கு வந்து விசாரிக்கப் போறானா?"

"உட்டா பொய்யாயிடும் நைனா!"

"ஆங், பெரிய அரிச்சந்திரன்! ஊர்ல போன மானம் பத்தலையா?"

ஷரீப்பின் ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப் வாசலில் அப்பனும் மகனும் போட்ட சண்டை மாடிவரை கேட்டது. மாடியில் ஷரீப்பின் மகள் ஹுமேரா, ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர். திருத்தணியில் அந்த வேலைக்கு அவள் ஒருத்திதான். அதில் ஷரீப்புக்கு இருக்கும் பெருமை கொஞ்சநஞ்சமல்ல.

சண்டை போட்ட அப்பன் கோதண்டபாணி, ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் ஓட்டுகிறவர். மகன் சுதாகருக்கு ஸ்பெயினில் துணி மில் வேலை கிடைத்திருந்தது. போலீஸ் சான்றிதழ் ஸ்பானிஷில் போனால்தான் விசா. அந்தத் தாளில் பி.எஸ். என்றால் காவல் நிலையம், எஸ்/ஓ என்றால் இன்னாருடைய மகன்; அதெல்லாம் சுலபம். ஒரு பழைய வழக்கு எண்ணுக்குப் பக்கத்தில் இருந்த 'எம்.எஃப்.'தான் பயமுறுத்தியது. சுதாகர் நூல் திருடிவிட்டான் என்று பழைய முதலாளி கொடுத்த புகார் அது. நூல் முதலாளியின் குடோனிலேயே கிடைத்தது. ஸ்டேஷனில் சுதாகரை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். கேஸ் என்ன ஆச்சு என்று திரும்பப் போய்க் கேட்க இவர்களுக்குத் தைரியம் வரவில்லை.

ஹுமேரா இறங்கி வந்தாள்.

"மாமா, எதையும் உட மாட்டேன். தெரியாதத நானா இட்டுக்கட்டியும் எழுத மாட்டேன். கீழ என் கையெழுத்து, என் சீல் இருக்கு. வாங்க, எழுதினவங்களையே கேப்போம்."

"ஸ்டேஷனுக்கா? நான் வரலம்மா."

"நான் கூட வரேன், வாய்யா," என்று ஷரீப் கையைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தார்.

ஸ்டேஷனில் ரைட்டர் தமயந்தி தாளைப் பார்த்துச் சிரித்துவிட்டார். "மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட். புகார்ல சொன்ன திருட்டு நடக்கவே இல்லன்னு விசாரிச்சு மூடின கேஸு. இதப் போயா மறைப்பாங்க?"

கோதண்டபாணி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "அப்போ எம்புள்ள திருடலன்னு கவுருமெண்டே எழுதிக்கீதா?"

"ஆங், அப்பவே."

ஹுமேரா எம்.எஃப்.பை அப்படியே எழுதி, பக்கத்தில் முழு வரியாக ஸ்பானிஷில் விளக்கினாள்: புகாரில் சொன்ன சம்பவம் நடக்கவில்லை என்று விசாரணையில் தெரிந்து வழக்கு முடிக்கப்பட்டது. விசா வந்தது.

இனிப்போடு வந்த கோதண்டபாணி ஒன்று கேட்டார். "பாப்பா, அந்த வரிய தமிழ்ல பெருசா எழுதிக் குடும்மா. ஸ்பெயின்காரனுக்குத் தெரிஞ்சது எங்க தெருவுக்கும் தெரியட்டும்."

இன்று அது அவர் தறிக்கூடத்துச் சுவரில் கண்ணாடி போட்டுத் தொங்குகிறது. வருகிறவர்கள் எல்லாரையும் நிறுத்திப் படிக்க வைக்கிறார்.

உங்கள் வீட்டுத் தாளிலும் இப்படி மிரட்டின எழுத்துச் சுருக்கம் உண்டா? யாரிடம் போய் அர்த்தம் கேட்டீர்கள்? தயவுசெய்து கீழே பதில் எழுதுங்கள்.