கேபிள் அறுந்த வாரத்து மீன்கள்

2008 ஜனவரிக் கடைசியில், எங்கோ மேற்கே கடலுக்கடியில் இணையக் கேபிள் அறுந்த வாரம், புதுச்சேரிக்கு வரவேண்டிய ஈமெயில்கள் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீனோடு மீனாக ஏலம் போயின. பார்த்தால் வித்தியாசம் தெரியாது. எண்ணெயில் போட்டால்தான் அனுப்பியவர் குரலில் பேசும். படம் இணைத்த மெயில்கள் சினையோடு இருந்தன. லாட்டரி விழுந்திருக்கிறது, உடனே விவரம் அனுப்பவும் என்கிற ரகமெல்லாம் நெத்தலி. சும்மா கொடுத்தாலும் வாங்க ஆளில்லை. முகவரிக் குழப்பமும் கிடையாது. உரியவர் வாசலுக்கு வந்ததும் மீன்காரியின் கூடை கனத்துவிடும். அந்த மீனைக் கொடுத்தால்தான் மறுபடி தலைக்கு ஏறும். முத்தியால்பேட்டையில் ஓய்வுபெற்ற தாசில்தார் ஒருவர், லண்டனில் பேரன் பிறந்த சேதியை வாணலியில் கேட்டு அழுதுவிட்டு, துண்டு முழுவதையும் தானே தின்றார்.

குருசுக்குப்பத்தில் பிரவுசிங் சென்டர் வைத்திருந்த சிவசங்கரிதான் பாவம். பாரீஸில் ஓட்டல் வேலையிலிருந்த தேவதாஸுக்கு அவள் மெயில் போட்டிருந்தாள்: ஞாயிற்றுக்கிழமை தவளக்குப்பத்திலிருந்து பெண் பார்க்க வருகிறார்கள், உன் முடிவென்ன? அவன் அறை மாறியிருந்தான், புது நம்பர் யாரிடமும் இல்லை. அதற்குள் பதில் வராவிட்டால் வருகிறவனுக்கே சம்மதம் சொல்லிவிடுவேன் என்று அப்பா கமலக்கண்ணன் கறாராகச் சொல்லிவிட்டார். மெஷின்களெல்லாம் செத்துக் கிடக்க, பயந்துபோன சிவசங்கரி அங்காளம்மனிடம் வேண்டிக்கொண்டாள்: பதில் வரும்வரை மீனைத் தொடமாட்டேன், வாயில் வைக்கமாட்டேன்.

மறுநாளே மீன்கள் பேச ஆரம்பித்தன.

மீன்காரி தனக்கொடியின் கூடை அந்த வாசலில் தினமும் கனத்தது. அடியில் ஒரு கொடுவா, வாரம் முழுக்கக் கெடாமல், கண் பளபளவென்று. சிவசங்கரி அதைப் பார்த்துப் பார்த்து அழுதாள். தொட்டால் சாமி குத்தம், தொடாவிட்டால் தவளக்குப்பம். தெருவே கூடிக் கூடையைத் தூக்கிவிட்டால்தான் தனக்கொடி அடுத்த வீட்டுக்குப் போக முடிந்தது.

சனிக்கிழமை நாலு ஆம்பளைகள் சேர்ந்தும் கூடை அசையவில்லை. தனக்கொடிக்குக் கோபம் வந்துவிட்டது.

"நேந்துகிட்டது நீதானே? நானா? அடுப்பக் கொண்டாங்கடி!"

"அக்கா, வேணாங்க்கா. சாமி கோச்சிக்கும்."

"நீ தொடாத, தின்னாத. கேளு. காதுக்கு ஏதுடி கவுச்சி?"

எதிர்வீட்டு ஆதிலட்சுமி ஸ்டவ் கொடுத்தாள். வாசலிலேயே மீனை ஆய்ந்து, மசாலா தடவி, எண்ணெயில் போட்டாள் தனக்கொடி. சுர்ரென்று பொங்கிய எண்ணெய்க்குள்ளிருந்து தேவதாஸ் பேசினான்.

"சங்கரி, எவன் வந்தாலும் சொஜ்ஜி பஜ்ஜி குடுத்து அனுப்பிடு. வைகாசியில வந்துட்றேன். உங்கப்பாகிட்ட நானே கேக்கறேன்."

சிவசங்கரிக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. கமலக்கண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாணலி பக்கத்தில் குந்தினார்.

"திருப்பிப் போடு, பாப்போம்."

திருப்பிப் போட்டதும் மீன் அதையே கொஞ்சம் உரக்கச் சொன்னது. அவர் எழுந்து, தவளக்குப்பத்துக்குப் போன் செய்யப் போனார். பதில் வந்துவிட்டதால் வேண்டுதலும் தீர்ந்தது. முதல் துண்டைச் சிவசங்கரிக்கே கொடுத்தார்கள். கூடை பூப்போலத் தலைக்கு ஏறியது.

பிறகு கேபிளை ஒட்டிவிட்டார்கள். மெயில் பழையபடி மெஷினுக்கே வந்தது. வைகாசியில் தேவதாஸும் வந்தான். கல்யாணத்தில் தனக்கொடிக்குப் பட்டுப்புடவை எடுத்தார்கள். இன்றைக்கும் அந்தத் தெருவில் மீனை எண்ணெயில் போட்டதும் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்துவார்கள். ஒன்றும் கேட்காவிட்டால், உப்பு போதுமா என்று பேசிக்கொண்டே திருப்பிப் போடுவார்கள்.