ரெனாட்டா குடிபெயர்ந்த தேதி

செத்துப்போனவர்கள் பேரிலும் வரிக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்பது நெப்ராஸ்கா விவசாயி வெர்லினுக்கு மார்ச் மாதம்வரை தெரியாது. அவருடைய ஒரே மகள் ரெனாட்டா, போன செப்டம்பரில் பக்கத்து மாநிலமான ஐயோவாவில் ஒரு மருத்துவமனையில் வேலை செய்துகொண்டிருந்தபோது, மூளையில் ரத்தக்குழாய் வெடித்து விழுந்தவள்தான், எழுந்திருக்கவில்லை. முப்பத்தொரு வயது.

அவள் பெயருக்கு வந்த தாள்களையெல்லாம் ஒரு ரொட்டிப் பையில் திணித்துக்கொண்டு ஊர் நூலகத்துக்குப் போனார். சனிக்கிழமைகளில் மார்ஜீன் அங்கே உட்கார்ந்து இலவசமாக வரிப் படிவம் நிரப்பித் தருவாள். பள்ளியில் அவரோடு ஒரே வகுப்பு.

மத்திய அரசுக்கான படிவம் சீக்கிரமே முடிந்தது. மாநிலக் கணக்கில்தான் அவள் பேனா நின்றது.

"ரெனாட்டா நெப்ராஸ்காவ விட்டுக் குடி போனது என்னைக்கு?"

"குடியெல்லாம் போகல. வேலைக்குப் போயிருந்தா. அவ ரூம் அப்படியேதான் இருக்கு."

தேவாலயத்திலும் தானியக் கிடங்கிலும் கேட்டவர்களுக்கெல்லாம் இதையேதான் அவர் சொல்லிவந்தார். மார்ஜீன் பொறுமையாக விளக்கினாள். திரும்பி வரும் எண்ணத்தோடு வேலைக்காக மட்டும் மாநில எல்லை ஆற்றுக்கு அந்தப் பக்கம் தங்கியிருந்தால், ஆண்டு முழுக்க அவள் நெப்ராஸ்காக்காரிதான். ஐயோவாவுக்கு அங்கே வாங்கிய சம்பளத்துக்கு மட்டும் ஒரு கணக்கு. ஒரேயடியாகப் போய்விட்டாள் என்றால் பாதி ஆண்டு இங்கே, மீதி அங்கே.

"அப்போ திரும்பி வர்றதாத்தான் இருந்தான்னு போடு."

மார்ஜீன் பைக்குள்ளிருந்து ஓட்டுநர் உரிமத்தை எடுத்து அவர் பக்கம் தள்ளினாள். மருத்துவமனையில் கொடுத்த நாளிலிருந்து அவர் அதிலிருந்த முகத்தை மட்டுமே பார்த்திருந்தார். உரிமம் ஐயோவாவுடையது. ஜூலையில் மாற்றியிருக்கிறாள். வாக்காளர் அட்டையும் அங்கேதான். வாடகை வீட்டுக்கு இரண்டு வருஷ ஒப்பந்தம் வேறு.

வெர்லின் ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தார். அறுவடைக்கு வந்துவிடுவாள், கோபம் அதுவரைக்கும்தான் என்று கோடை முழுக்க நம்பிக்கொண்டிருந்தார். அந்த நம்பிக்கையில்தான் ஒரு தடவைகூடத் தொலைபேசியில் கூப்பிடவில்லை.

"ஜூன் பதினாலு," என்றார்.

மார்ஜீன் எழுதினாள்.

"ஏன் போனான்னு கேக்கலியா இதுல?"

"கேக்காது, வெர்லின்."

"நான் சொல்றேன். அன்னிக்கு அவகிட்ட, நீ வீட்டுல இருந்திருந்தா உங்கம்மா பொழச்சிருப்பான்னு சொன்னேன். சாப்பிட்டுக்கிட்டிருந்தா. தட்டக் கழுவி வெச்சிட்டுப் போனா."

மார்ஜீன் ரெனாட்டாவின் அம்மாவுடைய சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஒருத்தி. மாரடைப்பு வந்து ஐந்து நிமிஷத்தில் முடிந்துவிட்டது, யார் இருந்தும் பயனில்லை என்று அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். "அது பொய்யின்னு உனக்கு அப்பவே தெரியுமா?" என்று கேட்டாள்.

"தெரியும்."

அவள் எழுந்துபோய்க் காப்பி ஊற்றிக்கொண்டு வந்து வைத்தாள். பின்னால் வரிசையில் இருந்தவர்களைப் பக்கத்து மேசைக்குப் போகச் சொன்னாள்.

இரண்டு மாநிலங்களுக்கும் படிவம் தயாரானது. இறந்தவருக்காகக் கையெழுத்திடுபவர் என்ன உறவு என்ற இடத்தில் 'தகப்பன்' என்று எழுதத் தொடங்கி, வெர்லின் வெகுநேரம் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதி முடித்தார். காப்பி ஆறிப்போயிருந்தது. அப்படியே குடித்துவிட்டு, தொப்பியை எடுத்துக்கொண்டு, படிவங்களை அனுப்பத் தபால் நிலையம் மூடுவதற்குள் போய்ச் சேர முடியுமா என்று மார்ஜீனிடம் கேட்டார்.