ரோஸ் நாளன்று வந்த தேங்காய்

மங்களூரே பேசும்படி மகள் வினிட்டாவின் கல்யாணத்தை நடத்த வேண்டும் என்று ஜூலியானா கடற்கரை விடுதியைப் பேசி வைத்திருந்தாள். அங்கே இடம் குறைவு. மாப்பிள்ளை வீட்டுப் பெரிய மனிதர்களுக்கு இடம் வேண்டுமே என்று பக்கத்து வீட்டு ரெஜினாவை அழைக்காமல் விட்டுவிட்டாள்.

மணப்பெண்ணுக்குத் தேங்காய்ப்பால் பூசும் ரோஸ் சடங்கன்று காலையில், தெருப் பெண்களைக் கூட்டிக்கொண்டு, தேங்காய் மூட்டையும் துருவியுமாக ரெஜினா வந்து நின்றாள். அக்கம்பக்கத்தார் பால் பிழியாமல் ரோஸ் ஏது?

"பால் பாக்கெட்ல வருது ஆண்ட்டி," என்றாள் வினிட்டா.

"பாக்கெட்டா? உனக்கு ரோஸ் வைக்கவா, பாயசம் வைக்கவாடி?" என்றாள் ரெஜினா.

எல்லோரும் சிரித்தார்கள். ஒருத்தி மட்டும் கேட்டாள்: "ஏன் ஜூலி, ரெஜினாவுக்குப் பத்திரிகையே வரலையாமே?"

"கல்யாண வீட்ல ஆயிரம் வேலை. மறந்திருப்பா," என்று ரெஜினாவே முந்திக்கொண்டாள்.

ஆமாம் என்று சொல்லியிருந்தால் ஜூலியானா தப்பித்திருக்கலாம். ஆனால் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாள்: "மறக்கலக்கா. வேணும்னுதான் கூப்பிடல."

"தெரியும்டி," என்றபடி ரெஜினா துருவியைத் தரையில் வைத்து உட்கார்ந்தாள். "விருந்துக்குத்தான் அழைப்பு வேணும். தேங்கா துருவ யாரு கூப்பிடணும்? அந்த மூட்டைய அவிழு."

அவள் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது ஜூலியானாவுக்கு.