காயாத பெயிண்ட்

எங்கள் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் சந்துப் பாதையை நான் சுத்தம் செய்தது யாருக்கும் உபகாரம் செய்வதற்காக அல்ல. என்னால் வீட்டுக்குள் இருக்க முடியவில்லை. மனைவி இறந்து எட்டு மாதம். பேச்சுத் துணைக்கு ஆளில்லாத வீட்டில் குழாய் சொட்டுகிற சத்தம்கூட ஆறுதலாக இருந்தது. அதனால் குழாயை நான் சரிசெய்யவே இல்லை.

நான் பெயிண்டர், காலி டப்பாவுக்குப் பஞ்சமில்லை. சந்தில் கிடந்த கிழிந்த மெத்தை, உடைந்த நாற்காலி எல்லாவற்றையும் குப்பை வண்டியில் ஏற்றினேன். டப்பாக்களின் அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, மண் நிரப்பி, ரோஜாவும் செவ்வந்தியும் வைத்தேன். யாரோ வீசியிருந்த வாஷ்பேசினில் புதினா தழைத்தது. கடைசியாக ஒரு பழைய மரப் பெஞ்சை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பச்சை எனாமல் இரண்டு கோட் அடித்தேன். வழக்கம்போல அதன் சாய்மானத்தில் பலகையை மாட்டிவிட்டு வந்தேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். யாராவது அந்தப் பெஞ்சில் வந்து உட்கார வேண்டும். நானும் மெதுவாகப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கலாம். நானே முதலில் உட்கார்ந்தால், பெஞ்சு என்னுடையது என்று ஒதுங்கிவிடுவார்கள். ஆகவே பின்வாசலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன்.

இரண்டு மாதம். ஒரு ஜீவன் உட்காரவில்லை. வருவார்கள், பூவைப் பார்ப்பார்கள், பெஞ்சருகே ஒரு கணம் நிற்பார்கள், போய்விடுவார்கள். கொழுப்பெடுத்த கூட்டம் என்று மனதுக்குள் திட்டினேன். அப்புறம், எல்லாம் என் வாயால் வந்த வினை என்று தோன்றியது. குப்பை போட வந்தவர்களை ஜன்னல் வழியாக நான் திட்டாத திட்டில்லை. பரிகாரமாக எல்லோரையும் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தேன். இஸ்திரிக்காரர், "ஏண்ணே, பல்லு வலியா?" என்று கேட்டார்.

ஒருநாள் காலையில் மூன்றாம் மாடி நர்ஸ், தோளில் பெரிய பையோடு சந்துக்குள் வந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேட்கலாமா? இந்தப் பெயிண்ட் எப்பதான் காயும்?"

"எந்தப் பெயிண்டும்மா?"

பெஞ்சைக் காட்டினாள். சாய்மானத்தில் என் கையெழுத்திலேயே தொங்கியது: 'ஈரப் பெயிண்ட். தொடாதீர்கள்.' தினமும் அதன் பக்கத்தில் நின்றுதான் ரோஜாவுக்குத் தண்ணீர் விட்டேன்.

"ட்யூட்டி முடிஞ்சு கால் கடுக்க வருவேன். ரெண்டு நிமிஷம் உட்காரலாம்னு ஆசையா இருக்கும். என் யூனிஃபார்ம் வெள்ளையாச்சே."

"என்கிட்ட கேட்டிருக்கலாமேம்மா."

"நீங்க கோவக்காரர்னு சொன்னாங்க."

முப்பது வருஷம் என் மனைவியும் நானும் சேர்ந்துதான் வேலைக்குப் போனோம். அடிப்பதும் பலகை மாட்டுவதும் என் வேலை. மறுநாள் போய், பின்பக்கம் விரலால் அழுத்திப் பார்த்து, பலகையைக் கழற்றி வருவது அவள் வேலை. "காய்ஞ்சிடுச்சுங்க" என்று சொல்லிவிட்டு, கதவுக்குப் பின்னால் தன் கையால் அடித்த ஆணியில் அதை மாட்டுவாள். பலகையைக் கழற்ற வேண்டும் என்பதே எனக்குத் தோன்றியதில்லை.

கழற்றினேன். "உட்காரும்மா" என்றேன்.

நர்ஸ் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எதிலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. புதினா எப்படி வந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அதற்குள் தெருவில் வண்டி ஹாரன் அடித்தது.

"இன்னைக்கு வீடு காலி பண்றோம்யா. சாமானெல்லாம் ஏத்தியாச்சு. அதான், போறதுக்கு முன்னாடி கேட்டுடலாம்னு வந்தேன்." எழுந்து, பெஞ்சை ஒருமுறை தடவிப் பார்த்தாள். "நல்லா இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் பெஞ்சின் பின்பக்கத்தை விரலால் அழுத்திப் பார்த்தேன். "காய்ஞ்சிடுச்சு" என்று சொல்லிக்கொண்டேன். என் குரலில் அது நன்றாகவே இல்லை. வீட்டுக்குப் போய் மனைவியின் ஆணியில் பலகையை மாட்டிவிட்டு, கதவுக்குப் பின்னாலேயே நின்று அழுதேன். அவள் போனதிலிருந்து அதுதான் முதல் தடவை.